கடலைக் கணிக்கும் நிரலுக்கு ஒரு சிறுமொழி

கல்முனைக் கரையில் நின்று கிழக்கே நோக்குவோருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தீவோ திட்டோ தென்படுவதில்லை. கடல் அங்கிருந்து தடையின்றி விரிந்து சென்று, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் சுமாத்திராவின் பக்கத்தை அடைகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள், பௌர்ணமியோடு கூடிய ஞாயிற்றுக்கிழமை. அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணியாவதற்குச் சற்று முன்னர் அத்தீவின் அருகே கடலடி பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றோடொன்று தோள் சேர்ந்து கிடக்கும் ஊர்களின் மீது கடல் ஏறிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை அன்று இழக்கவில்லை.

துயரம் ஆறுவதற்கு முன்னரே வினா ஒன்று எழுந்தது. கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி மக்கள் வீடு கட்டலாம்? 2005ஆம் ஆண்டில் அரசு வகுத்த எல்லை தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். கல்முனைப் பகுதிக்கு இது தாளில் இழுத்த வெறுங்கோடாக இருக்கவில்லை. கிழக்கே கடல், மேற்கே கரவாகு வயல்வெளி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றரை. அந்த மணற்றரையில் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள். கடலோரத்து 200 மீட்டரைக் கைவிட்டவன் போவதற்கு உரிய இடம் வயல் ஒன்றே. வயலை மண்ணிட்டு நிரப்பினால் நெல்லும் போகும், மாரி வெள்ளம் வடிந்தோடும் வழியும் அடையும். 2005ஆம் ஆண்டின் இறுதியையடுத்து அவ்வெல்லை தளர்த்தப்பட்டு, இடத்துக்கு இடம் மாறும் அளவைகள் நடைமுறைக்கு வந்தன. எனினும் கேட்டவர்களின் கேள்வி மறையவில்லை. அலை ஓரிடத்தில் 200 மீட்டரையும் தாண்டி வந்தது. மற்றோரிடத்தில் மணல்மேடு ஒன்றில் முட்டி நின்றது. அவ்வாறாயின் எல்லா ஊருக்கும் ஒரே கோடு எவ்வாறு பொருந்தும்?

இவ்வினாவுக்கு விடை காணும் கணக்கு நெடுநாளாகவே அறிஞர் அறிந்ததுதான். நீரின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், செக்கனுக்கு இத்தனை மீட்டர் என அலையின் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் அதிகம். வானூர்தியின் வேகம் எனலாம். கரையோரத்தில், பத்து மீட்டர் ஆழத்தில், அதுவே மணிக்கு 36 கிலோமீட்டர் அளவுக்குக் குறைகின்றது. முன்னே செல்லும் நீர் தளர, பின்னே வரும் நீர் அதனை எட்டிப் பிடிக்க, அலை உயர்கின்றது. இவ்வளவையும் பள்ளி மாணவன் ஒருவன் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். சிக்கல் தொடங்குவது நீர் தரையில் ஏறிய பின்னர்தான். அங்கே மதில் உண்டு, ஒழுங்கை உண்டு, முகத்துவாரம் உண்டு. ஆகையால் கடலையும் கரையையும் சிறுசிறு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொரு முக்கோணத்திலும் நீரின் ஆழம் எவ்வளவு, அது எத்திசையில் எவ்விசையோடு நகர்கின்றது என்பதை நொடிக்கு நொடி கணினியைக் கொண்டு கணிக்கின்றனர். மூன்று இலட்சம் முக்கோணங்கள், இருபதினாயிரம் காலப்படிகள் எனக் கொண்டால், ஒரே கணக்கு 600 கோடி முறை திரும்பத் திரும்பச் செய்யப்படல் வேண்டும்.

இத்தகைய வேலைக்கென்றே 1957ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பாக்கஸ் என்பாரின் குழுவினர் போர்ட்ரான் மொழியை வெளியிட்டனர். 1970களின் தொடக்கத்தில் சி மொழி தோன்றிற்று. இவற்றில் எழுதப்படும் நிரல் முதலில் பொறியின் நேர்மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, அதன் பின்னரே ஓடும். அதனால் வேகம் மிகுதி. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அலை உயர்ந்த கடற்பெருக்கு நேரத்தில் வந்தால் என்னவாகும்? மணல்மேட்டை ஒரு மீட்டர் உயர்த்தினால்? முகத்துவாரம் அடைபட்டிருந்தால்? இவ்வாறு கேள்வி மாறுந்தோறும் நிரலைத் திறந்து, திருத்தி, மீண்டும் பெயர்க்க வேண்டும். அதற்கு நிரலாக்கம் அறிந்தவர் வேண்டும். கேள்வியை உடையவரோ பெரும்பாலும் வேறொருவர்.

மருதமுனையில் தறியில் அமர்ந்தவர்களுக்கு இதன் கருத்தை விளக்க வேண்டியதில்லை. புதிய சாரன் ஒன்றுக்குக் கட்டம் மாற்ற வேண்டுமானால் தறியையே பிரித்துக் கட்டுவார் யாருமில்லை. தறியின் சட்டம் அப்படியே இருக்கும். நூலின் நிறமும் ஒழுங்குமே மாறும். சட்டம் உறுதியாகவும், கோலம் இலகுவில் மாற்றத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் இவ்வுண்மையை, 1804ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜக்கார் என்பவர் துளையிட்ட அட்டைகளால் இயந்திரத்துக்குக் கற்பித்தார். அவ்வட்டைகளே பிற்காலத்துக் கணினிகளுக்கும் வழிகாட்டின என்பது பலரும் அறிந்த செய்தி.

அறிவியல் நிரல்களை எழுதியோரும் காலப்போக்கில் இதே முடிவுக்கு வந்தனர். வேகமான கணக்குப் பகுதியைச் சட்டமாக வைத்து, அதனை இயக்கும் கட்டளைகளை எளிய சிறுமொழி ஒன்றில் எழுதலாம். அச்சிறுமொழி பெயர்ப்பு எதுவுமின்றி எழுதியவுடனே ஓடும். முதற்கட்டத்தில் ஒவ்வொரு நிரலாசிரியரும் தமக்குத் தாமே ஒரு சிறுமொழியை ஆக்கிக்கொண்டனர். தொடக்கத்தில் அது வெறும் எண்களின் பட்டியலாக இருக்கும். பின்னர் யாரோ ஒருவர் ‘இவ்வாறாயின் இது’ எனும் நிபந்தனை வேண்டுமென்பார். மற்றொருவர் ‘பத்து முறை திரும்பச் செய்க’ என்னும் கட்டளை வேண்டுமென்பார். சில ஆண்டுகளில் அப்பட்டியல் தானறியாமலே ஒரு மொழியாகிவிடும். ஆனால் இலக்கணம் இல்லாத, பிழை காட்டாத, அவ்வொரு நிரலுக்கு வெளியே எவருக்கும் பயன்படாத மொழி. உலகெங்கும் ஆய்வுகூடங்களில் நன்கு படித்தவர்கள் இந்தத் தவற்றைத் தனித்தனியே செய்தனர் என்பது வியப்புக்குரியது.

இதனை வெளிப்படையாகக் குறையென்று கண்டு மாற்றுத் தேடியவர்களுள் முன்னின்றவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோன் ஔஸ்டர்ஹவுட். மின்சுற்றுக்களை வரையும் நிரல்களை உருவாக்கி வந்த அவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைமொழி எழுதுவதில் சலிப்புற்று, எந்நிரலுக்குள்ளும் பொதிந்துகொள்ளத்தக்க ஒரே மொழியை 1988ஆம் ஆண்டளவில் ஆக்கினார். அதன் பெயர் டிக்கிள். நிரலுக்குள் அதனைச் சேர்ப்பது எளிது, கற்பதும் எளிது. ஆனால் அதில் எல்லாப் பொருளும் எழுத்துக்கோவையே. இரண்டரை என்னும் எண்ணும் அதற்கு எழுத்துக்களின் வரிசைதான். கூட்டுந்தோறும் அதனை எண்ணாக மாற்றி, விடையை மறுபடி எழுத்தாக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் சாளரம் திறக்கும் வேலைக்கு இது போதும். எண்களே உயிரான துறைக்கு இஃது இடர்ப்பாடு. 1997இல் வந்த எட்டாம் பதிப்பில் இக்குறை பெரிதும் நீக்கப்பட்டது. எனினும் அதற்குள் வேறு மொழிகள் அரங்கேறிவிட்டன.

அவற்றுள் ஒன்றின் பிறப்பு, சிறு நாட்டவர் கவனிக்கத்தக்கது. பிரேசில் நாடு நெடுங்காலம் அயல்நாட்டுக் கணினிப் பொருள்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அந்நாட்டு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராசுக்கு வேண்டிய பொறியியல் நிரல்களை ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தது. கணக்குக்கு வேண்டிய தரவுகளை உள்ளிட ஒரு சிறுமொழி, பாறையடுக்குகளின் அறிக்கையை வடிவமைக்க மற்றொரு சிறுமொழி என இரண்டு வழங்கின. 1993இல் ரொபர்ட்டோ இயருசலிம்ஸ்கி, வால்டமார் செலெஸ், லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெய்ரெடோ ஆகிய மூவர் அவ்விரண்டையும் ஒன்றாக்கினர். பழைய மொழியொன்றின் பெயர் சோல். போர்த்துக்கேய மொழியில் சூரியன். ஆகவே புதியதற்கு லுவா, அதாவது சந்திரன், எனப் பெயரிட்டனர். வாங்க முடியாதிருந்தவர் தாமே செய்துகொண்ட மொழி அது. எண்ணெய்க்கிணற்றுப் பொறியாளர் நிரலாக்கம் கற்றவர் அல்லர் என்பதை மனத்திற்கொண்டே அதன் இலக்கணம் அமைந்தது. வரிசையின் முதலுறுப்பைச் சுழியம் என்னாது ஒன்று என்றே எண்ணுகின்றது. முழு மொழியும் சி மொழியில் ஏறத்தாழ 30,000 வரிகளுக்குள் அடங்கும். ஒரு நிரலுக்குள் பொதிப்பதற்கென்றே பிறந்த மொழி எதுவென்று கேட்டால், லுவாவையே முதலிற் சொல்லல் தகும்.

இவ்வாறிருக்க, இன்று அறிவியற் கணிப்பில் மிகுதியாக வழங்குவது லுவா அன்று; பைத்தன். இதன் காரணம் மொழியின் அழகில் மட்டும் இல்லை.

ஆம்ஸ்டர்டாம் நகரின் கணித ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கைடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையிலே பைத்தனை எழுதத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். அதற்கு முன் அந்நிலையத்தில் ஏபிசி என்றொரு மொழி இருந்தது. கற்பதற்கு இனியது, ஆயினும் கதவு இல்லாத வீடு. வெளியில் உள்ள நிரலை அதனோடு இணைக்க வழியில்லை. அக்குறையை அருகிருந்து கண்டவர் ஆதலின், வான் ரோசம் தம் மொழிக்குத் தொடக்கத்திலேயே சி மொழிப் பக்கம் ஒரு வாயிலைத் திறந்து வைத்தார். 1995இல், அப்போது மாணவராக இருந்த ஜிம் ஹியூகுனின், அவ்வாயில் வழியே நியூமெரிக் என்னும் எண்வரிசைத் தொகுதியைச் சேர்த்தார். அதன் சிறப்பு யாதெனின், பத்து இலட்சம் எண்கள் நினைவகத்தில் ஒரே நிரையாகக் கிடக்கும். அவற்றைச் சி மொழிப் பகுதியும் பைத்தனும் படியெடுக்காமலே பகிர்ந்துகொள்ளலாம். 2006இல் டிராவிஸ் ஒலிஃபண்ட் அதனைப் புதுக்கி நம்பை எனும் பெயரில் வெளியிட்ட பின்னர் வானியல், உயிரியல், நிலவியல் ஆகிய எல்லாத் துறையினரும் ஒரே நிரையை வைத்துப் பேசத் தலைப்பட்டனர். ஒருவர் எழுதிய கருவி மற்றவருக்கும் உதவிற்று. லுவாவை நிரலுக்குள் பொதித்தவர் ஒரு மொழியைப் பெற்றார். பைத்தனைச் சேர்த்தவர் மொழியோடு ஒரு சந்தையையும் பெற்றார்.

இருமொழி கூடும் எல்லையில் ஒரு வேலை உண்டு. அஃது எளிதன்று. ஒரு மொழியில் உள்ளது மற்றதில் இராது; இருப்பினும் வேறு உருவில் இருக்கும். இக்கரையோரத்து முஸ்லிம்களின் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோது இதனைக் கண்டனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருந்த எழுத்துக்களின் மீது புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துக்களை அமைத்துக்கொண்டனர். அதன் பின்னரே மார்க்க நூல் ஓதியவர் தாய்மொழியைக் கண்டு வாசிக்க முடிந்தது. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் கோடிக்கணக்கான அணுக்களின் அசைவைக் கணித்த நிரலுக்கு இத்தகைய எழுத்தராக வாய்த்தவர் டேவிட் பீஸ்லி. அவரும் முதலில் தமக்கென ஒரு சிறுமொழியை எழுதினார். பின்னர் அதனை விடுத்து, சி மொழி நிரல் ஒன்றைக் கொடுத்தால் டிக்கிளுக்கும் பைத்தனுக்கும் பிற மொழிகளுக்கும் உரிய இணைப்பைத் தானே எழுதித் தரும் சுவிக் என்ற கருவியை 1995–96ஆம் ஆண்டுகளில் ஆக்கினார். கையால் எழுதினால் வாரக்கணக்கில் ஆகும் வேலை இதனால் சுருங்கியது.

மொழி நல்லதாயிருந்தும் தோற்றதற்கு ஒரு சான்று உண்டு. 1994இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் டிக்கிளை வன்மையாகக் கண்டித்தார். அவரது குனூ இயக்கத்தார் கைல் என்ற மொழியை முன்வைத்தனர். அது ஸ்கீம் என்னும் நுட்பமான மொழியின் வழித்தோன்றல். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஒளியின் போக்கைக் கணிக்கும் மீப் என்னும் நிரல் அதனை மேற்கொண்டது. இலக்கணம் தூய்மையானது, வல்லவர் கையில் எதையும் செய்யும். ஆனால் வரிக்கு வரி அடைப்புக்குறிகள் அடுக்கடுக்காக நிற்க, இயற்பியலார் மருண்டனர். பிற்காலத்தில் மீப் நிரலும் பைத்தனுக்கு வாயில் திறந்தது. கேட்பவர் எவர் என்பதை மறந்து மொழியின் பெருமையை மட்டும் எண்ணித் தெரிவு செய்வோருக்கு இது நேரும்.

இனி இத்துறையில் நீண்டு நடந்த வாதம் ஒன்று. நிரல் வீடாகவும் சிறுமொழி விருந்தாகவும் இருத்தல் வேண்டுமா? அல்லது சிறுமொழியே வீடாகி, வேகமான கணக்குப் பகுதி அதனுள் விருந்தாக வருதல் வேண்டுமா? முன்னது பொதித்தல், பின்னது விரித்தல். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட கியூஜிஸ் என்னும் நிலப்பட நிரல், 2007இல் பைத்தனைத் தன்னுள் பொதிந்துகொண்டது. பயனாளர் அந்நிரலுக்குள் இருந்தபடியே கட்டளை எழுதலாம். கடலலைக் கணக்கில் மற்றை வழி சென்றவர்கள் கன்பரா நகரத்தார்.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் அந்நாட்டு அரசின் புவியறிவியல் நிறுவனமான ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து உருவாக்கிய அனுகா என்னும் நிரல், 2006இல் எவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிடப்பட்டது. நிரலின் பெயர் இரு நிறுவனங்களின் முதலெழுத்துக்களாலானது. தமிழ்ப் பெயர் போல் ஒலிப்பது தற்செயல். அதில் வீடு பைத்தன். முக்கோண வலை அமைத்தல், கரையின் உயரத்தைத் தருதல், அலையை எல்லையில் விடுதல், காலத்தை நகர்த்துதல் ஆகிய யாவும் பைத்தன் கட்டளைகளே. 600 கோடி முறை நிகழும் உள்ளணுக் கணக்கு மட்டும் சி மொழியில் ஒளிந்திருக்கின்றது. இவ்வாறு பிரித்ததன் நுட்பம் சிறிது எண்ணத்தக்கது. சிறுமொழி பொறிமொழியைவிட ஐம்பது மடங்கு, நூறு மடங்கு மெதுவானது. முக்கோணந்தோறும் அது பேசுமாயின், பத்து மணி நேரத்துக் கணக்கு நாற்பது நாளுக்கு மேல் நீளும். காலப்படிக்கு ஒருமுறை மட்டும் பேசினால், அந்த இருபதினாயிரம் சொற்களின் தாமதம் கண்ணுக்கே புலப்படாது. ஆகவே மொழியின் வேகம் இத்தெரிவில் முதன்மையான பொருள் அன்று. எல்லைக்கோட்டை எங்கே இழுப்பது என்பதே முதன்மையானது.

அனுகாவை அதனை ஆக்கியோர் இரு வகையில் சோதித்தனர். 1993இல் ஜப்பானின் ஒக்குஷிரித் தீவில் ஏறிய பேரலையை நீர்த்தொட்டியில் 400இல் ஒரு பங்காகச் சிறிதாக்கி அளந்த அளவுகளோடு கணக்கை ஒப்பிட்டனர். பின்னர், கல்முனையை அழித்த அதே 2004ஆம் ஆண்டுப் பேரலை தாய்லாந்தின் பத்தோங் கடற்கரையில் எதுவரை ஏறிற்றென்று நிலத்தில் கண்ட அளவுகளோடும் ஒப்பிட்டனர். கணக்கு பெரும்பாலும் பொருந்தி வந்தது.

அதே பேரிடர் கொழும்பிலும் ஒரு மொழித் தெரிவுக்கு வழிகோலிற்று. அலை அடித்த சில நாட்களிலேயே இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய சஹானா என்னும் நிரலை எழுதினர். லங்கா மென்பொருள் மன்றம் அதற்குத் துணைநின்றது. அஃது அறிவியற் கணிப்பு அன்று, பதிவேட்டு வேலை. அதற்கு அவர்கள் எடுத்தது பிஎச்பி மொழி. அறிஞர் உலகில் அதற்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆயினும் அது பலரும் பரவலாக அறிந்த மொழி. உதவ வந்த தொண்டன் மறுநாளே எழுதத் தொடங்கலாம். பிற்காலத்தில் சஹானா ஈடன் என்ற பெயரில் அந்நிரல் புதிதாக எழுதப்பட்டபோது, அதன் மொழியும் பைத்தனாயிற்று. முதல் தெரிவு பிழையென்று இதனாற் சொல்லல் ஆகாது. பிணங்கள் அடக்கப்படாதிருந்த வாரத்தில் செய்த தெரிவுக்கும், ஐந்தாண்டு கழித்து அமைதியாக இருந்து செய்த தெரிவுக்கும் அளவுகோல் ஒன்றன்று.

இரவல் மொழிக்கு வாடகை உண்டு என்பதையும் மறைத்தல் கூடாது. பைத்தனின் இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் இடையே இலக்கணம் மாறிற்று. இரண்டாம் வரிசைக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு முடிந்தது. அனுகா உட்பட எண்ணற்ற அறிவியல் நிரல்கள் இதன்பொருட்டுத் திருத்தப்பட்டன. திருத்த ஆளில்லாதவை அப்படியே கிடந்தன. தன் நிரலின் மொழியைப் பிறர் வீட்டிலிருந்து பெற்றவன், அவர்கள் வீடு மாறும்போது தானும் மாற வேண்டும். லுவாவைப் பொதித்தவருக்கு இவ்விடர் குறைவு; அம்மொழி முழுவதையும் தம் நிரலோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டுமட்டும் பழைய பதிப்பிலேயே இருக்கலாம். கருவி சிறிதாக, தனித்து ஓடுவதாக இருப்பின் லுவாவே ஏற்றது. நிலப்படம், ஆழப்படம், வரைபு, புள்ளிவிவரம் என நான்கு துறைகளைக் கூட்டி வைக்கும் கடற்கணக்கிற்கோ வாடகை கொடுத்தேனும் சந்தையருகே குடியிருத்தல் நன்று.

சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ 200 மீட்டர்க் கோட்டைப் பற்றிய பழைய வினாவை இன்று ஒருவர் எழுப்ப விரும்பினால், அவர் எழுத வேண்டியது சில பக்கங்களில் அடங்கும் பைத்தன் கட்டளைகளே. கரையின் வடிவம் இது, மணல்மேடு இங்கே, இதனை ஒரு மீட்டர் உயர்த்துக, வயலை நிரப்பிய நிலம் இது, அலை இவ்வளவு, கணிக்க. மேட்டை வெட்டி மணல் எடுத்த பின்னர் அதே கணக்கை மறுமுறை ஓட்டலாம். ஒரு வரி மட்டுமே மாறும். சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்து மாணவருக்கு இம்மொழி எட்டாக்கனி அன்று. ஆனால் கரையோரக் கடலின் ஆழத்தையும், தெருக்களின் உயரத்தையும் எந்த மொழியும் தானாகத் தருவதில்லை. கணக்குச் சரிதானா எனச் சரிபார்ப்பதற்கு வேறொன்றும் வேண்டும். 2004ஆம் ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை நீர் எந்த வீட்டின் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றதென்னும் செய்தி. பத்தோங்கில் நிலத்திலே கண்டறிந்து ஒப்பிட்டது அத்தகைய அளவுகளைத்தான். கல்முனைக் கரையில் அவ்வுயரத்தைக் கைகாட்டிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கின்றனர். சுவர்களோ பலமுறை வெள்ளையடிக்கப்பட்டுவிட்டன.